இறங்காத ஊர்

என் லாக்புக்கில் ஒரு வரி பொய்.

2008 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. செஸ்னா 152. மொத்தம் 1.9 மணி நேரம். ‘எங்கிருந்து’, ‘எங்கே’ என்று இரண்டு கட்டங்கள் உண்டு. விமானத் தளங்களின் மூன்றெழுத்துக் குறியீட்டை அவற்றில் எழுத வேண்டும். முதல் கட்டத்தில் இருப்பது உண்மை. இரண்டாவது கட்டத்தில் இருக்கும் ஊரில் நான் இறங்கவே இல்லை. அன்றைக்கு அந்த ஊரைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

அந்தப் பொய்யை நம்பி இன்னொருவன் பறந்தான். அவனுக்கு என்ன ஆனது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். தீர்ப்பு உங்களுடையது. அதற்கு முழுக் கணக்கும் உங்கள் முன்னால் இருக்க வேண்டும்.

கலிஃபோர்னியாவில், சான் ஹோசே பக்கம் ஒரு சிறிய தளத்தில் விமானம் ஓட்டப் படித்தேன். முதல் உரிமம் கிடைத்துவிட்டது. அடுத்தது இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங். வெளியே ஒன்றும் தெரியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுவதற்கான தகுதி அது. அந்தத் தேர்வுக்குப் போக, விமானத்தின் பொறுப்பு என் கையில் இருக்க, 50 மணி நேரம் கிராஸ் கன்ட்ரி பறந்திருக்க வேண்டும். அமெரிக்க விதிப்படி, இந்தக் கணக்கில் சேர வேண்டுமானால், புறப்பட்ட இடத்திலிருந்து நேர்க்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல், அதாவது சுமார் 93 கிலோமீட்டருக்கு அப்பால் ஓர் இடத்தில் இறங்க வேண்டும். எவ்வளவு தூரம் போனாலும் சரி, இறங்காமல் திரும்பினால் சேராது. பறந்த நேரம் மொத்தக் கணக்கில் ஏறும். கிராஸ் கன்ட்ரி கட்டம் காலியாக இருக்கும்.

அந்தச் சனிக்கிழமை காலையில் என் கிராஸ் கன்ட்ரி கணக்கு 48.3.

விமான வாடகை மணிக்கு 85 டாலர். அன்று டாலர் ஏறக்குறைய 40 ரூபாய். சாத்தூர்ப் பக்கம் இருந்த நிலத்தின் பேரில் அப்பா வாங்கிய கடனில்தான் ஒவ்வொரு மணி நேரமும் பறந்தேன். இதைச் சொன்னால் பணக் கஷ்டத்தால் பொய் எழுதினேன் என்று நினைப்பீர்கள். அது காரணமில்லை. இன்னொரு முறை பறக்க என்னிடம் பணம் இருந்தது.

காரணம் கர்வம். எங்கள் குடியிருப்பில் என்னோடு தங்கியிருந்தவன் கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். எனக்கு ஆறு மாதம் பின்னால் வந்து சேர்ந்தவன். என்னை ‘அண்ணே’ என்பான். அவன் கணக்கு அப்போதே 44ஐத் தாண்டியிருந்தது. என்னைவிட நன்றாக ஓட்டுவான். எனக்கும் அது தெரியும், சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியும். அவனுக்கு முன்னால் நான் முடித்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை இரவே அப்பாவுக்குப் போன் போட்டு, “நாளைக்கு அம்பது முடிஞ்சிரும்பா” என்று சொல்லிவிட்டேன். தேர்வுத் தேதியும் வாங்கியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை புறப்பட்டேன். எங்கள் பக்கம் வானம் பளிச்சென்று இருந்தது. கில்ராய் தாண்டி, பச்சேக்கோ கணவாய் வழியே கிழக்கே போனேன். கணவாயைத் தாண்டினால் சான் லூயிஸ் ஏரி. ஏரிக்கு அப்பால் சான் வாக்கீன் பள்ளத்தாக்கு விரிந்து கிடக்கும். நான் இறங்க வேண்டிய ரன்வே அங்கே பாதாம் தோப்புகளுக்கு நடுவில் இருந்தது.

பள்ளத்தாக்கைக் காணவில்லை. ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோலக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை வெள்ளை. அப்பால் சியரா நெவாடா மலைகளின் சிகரங்கள் மட்டும் வெயிலில் தெரிந்தன. அந்த ஊரில் இதை டூலி பனி என்பார்கள். டூலி என்பது அங்கே சதுப்பில் வளரும் ஒரு கோரை. மழை பெய்து ஈரம் ஊறிய மண், காற்றில்லாத நீண்ட குளிர் இரவில் வெப்பத்தை இழக்கும்போது, தரையோடு தரையாகப் பனி கட்டும். சுற்றிலும் மலை இருப்பதால் கலையாமல் கிடக்கும். சில நாள் பத்து மணிக்கு விலகும். சில நாள் விலகவே விலகாது.

ஏரிக்கு மேலே சுற்றினேன். நாற்பது நிமிடம். விலகவில்லை. திரும்பி வந்தேன்.

அது சரியான முடிவு. பனிக்குள் இறங்க எனக்கு உரிமையும் கிடையாது, திறமையும் கிடையாது. அந்த இரண்டு வருடத்தில் வானத்தில் நான் எடுத்த முடிவுகளில் உருப்படியானது அது ஒன்றுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று அதை அவமானமாக நினைத்தேன்.

இறங்கி இஞ்சினை நிறுத்தியதும் ஹாப்ஸ் மீட்டரைப் பார்த்தேன். இஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மீட்டர் அது. 1.9. அந்த ஊருக்குப் போய் இறங்கித் திரும்பியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் ஆகியிருக்கும். நான் சுற்றிய நாற்பது நிமிடம், போகாத தூரத்துக்குச் சரியாகப் பொருந்திவிட்டது.

பள்ளியின் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. பறந்துவிட்டு வருகிறவர்கள் போன இடத்தில் வானம் எப்படி இருந்தது என்று அதில் இரண்டு வார்த்தை எழுதிவிட்டுப் போவார்கள். குளிர்காலத்தில் அதைப் பார்க்காமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். பேனாவைக் கையில் எடுக்கும்போதே என்ன எழுதலாம் என்று கணக்குப் போட்டுவிட்டேன். பலகையில் ‘பனி, திரும்பினேன்’ என்று எழுதினால் லாக்புக்கில் வேறு எழுத முடியாது. பலகையைக் கடந்து போனேன்.

மேசையில் உட்கார்ந்தேன். தேதி எழுதினேன். விமானத்தின் எண் எழுதினேன். ‘எங்கிருந்து’ எழுதினேன். ‘எங்கே’ என்ற கட்டத்தில் பேனா நின்றது. ஒரு மூச்சு நேரம் இருக்கும். பிறகு மூன்றெழுத்தை எழுதினேன். இறங்கிய எண்ணிக்கையில் 1 என்பதற்குப் பதிலாக 2. கிராஸ் கன்ட்ரி கட்டத்தில் 1.9. பக்கத்தின் அடியில் கூட்டுத்தொகை 50.2.

கை நடுங்கவில்லை. நடுங்கியது என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும். நடுங்கவில்லை.

விமானிகளிடையே ஒரு பழைய கிண்டல் உண்டு. பி-51 என்பது இரண்டாம் உலகப் போரின் பெயர்பெற்ற போர் விமானம். பார்க்கர் 51 என்பது அதே காலத்துப் பேனா. பறக்காமல் எழுதிக்கொள்ளும் நேரத்தை ‘பி-51 நேரம்’ என்பார்கள். அதைச் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். பொய்யாக எழுதினால் வைத்திருக்கும் எந்தச் சான்றிதழையும் பறிக்கலாம் என்று 61.59ஆம் விதி சொல்கிறது. அதையும் படித்துத் தேறியவன்தான் நான்.

அன்று சாயங்காலம் சமையலறையில் அவன் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தான். மறுநாள் அவனுக்கு அதே ஊருக்குப் பயணம். அந்தச் சின்னத் தளத்தில் வானிலைக் கருவி கிடையாது. பக்கத்துப் பெரிய தளங்களின் நிலவரத்தை வைத்து ஊகிக்க வேண்டும். அதனால் கேட்டான்.

“அண்ணே, இன்னைக்கு அங்க பனி எத்தனை மணிக்கு வெலகுச்சு?”

“ஒம்பதரைக்கெல்லாம் வெலகிருச்சுடா. கொஞ்ச நேரம் மேல சுத்துனேன். தானா தொறந்துச்சு. எறங்கிட்டு வந்தேன்.”

இவ்வளவு விவரமாக நான் சொல்லியிருக்கத் தேவையில்லை. ‘பனி இருந்துச்சு, பாத்துப் போ’ என்றால் போதும். பொய் நிற்க வேண்டும் என்பதற்காக நேரத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். அவன் தலையாட்டிவிட்டு ரசத்தில் பெருங்காயம் போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணி. அவன் கூடத்தில் ஷூ போடும் சத்தம் கேட்டது. சாவி கீழே விழுந்தது. என்னை எழுப்பிவிடக் கூடாது என்று மெதுவாக அதை எடுத்தான். நான் விழித்துத்தான் இருந்தேன். போர்வைக்குள் கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். எழுந்து இரண்டு வார்த்தை சொல்லலாம். சொன்னால் அந்த வரியை அடிக்க வேண்டும். அடித்தால் மறுபடி 48.3. கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை கண்ணைத் திறக்கவில்லை.

சனிக்கிழமை எழுதியது கர்வத்தில். இது பயத்தில். இரண்டில் எது பெரிய குற்றம் என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். எழுதியபோது யாருக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. போர்வைக்குள் கிடந்தபோது தெரியும்.

பிறகு நடந்ததை அவன் சொல்லித் தெரிந்துகொண்டேன். கிளம்பும் முன் வானிலைக்குப் போன் போட்டிருக்கிறான். பள்ளத்தாக்கில் பதினொரு மணி வரைகூடப் பனி இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பலகையைப் பார்த்திருக்கிறான், எதுவும் இல்லை. நான் சொன்ன ஒன்பதரையை நம்பிப் புறப்பட்டான். ஊருக்கு மேலே போய்ச் சேர்ந்தபோது கீழே முழுக்க வெள்ளை. வழக்கமாக அவன் திரும்பிவிடுகிறவன். எங்களில் அவன்தான் அதிகம் திரும்பி வந்தவன், அதற்காக நாங்கள் கேலிகூடச் செய்திருக்கிறோம். அன்று காத்திருந்தான். அண்ணனுக்குத் திறந்தது, எனக்கும் திறக்கும் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் சுற்றினான்.

திறந்தது. திறந்ததுபோலத் தெரிந்தது. நேர் கீழே ரன்வே தெளிவாகத் தெரிந்திருக்கிறது.

ஆழமில்லாத பனி இப்படித்தான் ஏமாற்றும். நேர் கீழே பார்க்கும்போது கண் சில நூறு அடிப் பனியைக் கடந்தால் போதும், ரன்வே தெரிந்துவிடும். இறங்க வரும்போது சாய்வாகப் பார்க்கிறோம். அதே பனிக்குள் கண் பல மடங்கு தூரம் போக வேண்டும். ரன்வே மறைந்துவிடும். பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அவனும் படித்தவன்தான். புத்தகத்துக்கு மேல் என் வார்த்தையை வைத்தான்.

இறங்க வந்தவனைக் கடைசி நேரத்தில் வெள்ளை மூடியது. மறுபடி மேலே ஏற அவன் பவர் கொடுப்பதற்குள் ரன்வேக்கு முன்னாலிருந்த உழுத ஈர மண்ணில் சக்கரம் பட்டுவிட்டது. முன்சக்கரம் ஒடிந்தது. புரொபெல்லர் மண்ணைத் தோண்டிக்கொண்டு வளைந்தது. இடது காரை எலும்பு முறிந்தது. முன்பற்கள் இரண்டு போயின. பனிக்குள் அவன் கிடந்தது யாருக்கும் தெரியவில்லை. அரை மணி நேரம் கழித்து ஒரு தோட்டத் தொழிலாளி பார்த்து ஆள் கூப்பிட்டிருக்கிறார். அந்த அரை மணி நேரம் நான் துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை வந்தது. கட்டுப்போட்ட கையோடு அவனை நான்தான் காரில் கூட்டிப்போனேன். உள்ளே அவனிடம் ஏன் அவ்வளவு நேரம் காத்திருந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ஒன்பதரைக்கு விலகும் என்று ஒரு நண்பர் சொன்னார் என்றிருக்கிறான். யார் என்று கேட்டதற்கு, நினைவில்லை என்று சொல்லிவிட்டான். வெளியே வந்து காரில் ஏறியதும் சொன்னான்.

“ஒங்க பேரச் சொல்லலண்ணே. நீங்க சொன்னது சனிக்கெழம நெலவரம். ஞாயித்துக்கெழம மாறிப்போச்சு. அதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

பல் போன வாய். வார்த்தைகள் காற்றோடு வந்தன. நான் ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, “ஆமாடா, பனிய நம்ப முடியாது” என்றேன்.

பனி மேல் பழியைப் போட்டேன்.

அவனுடைய உரிமம் சில மாதங்களுக்கு முடக்கப்பட்டது. விமானச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் போக அவன் கட்ட வேண்டியது 5,000 டாலர். ஊரில் வீட்டை அடகு வைத்துத்தான் அவனை அனுப்பியிருந்தார்கள். அம்மாவின் நகை விற்றுப் பணம் வந்தது. எங்கள் கூட்டத்தில் வசூல் செய்தோம். நான் 300 டாலர் கொடுத்தேன். இருப்பதிலேயே அதிகம் அதுதான். ‘கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்’ என்று ஒருவன் என் தோளில் தட்டினான். தட்டட்டும் என்று நின்றேன். ஏப்ரலில் அவன் ஊர் திரும்பிவிட்டான்.

அதற்குள் நான் தேறிவிட்டேன். விபத்து நடந்த பதினோராம் நாள் என் தேர்வு. தேர்வுக்கான படிவத்தில் மணிக்கணக்கை நிரப்பி, எல்லாம் உண்மை என்று உறுதி சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன். எனக்குச் சொல்லிக் கொடுத்த பெரியவர் பென்சிலால் என் கணக்கைக் கூட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று தன் கையெழுத்தையும் போட்டார். என் பொய்யில் அவர் பெயரும் சேர்ந்தது. எக்ஸாமினர் பக்கங்களைப் புரட்டினார். அவர் விரல் அந்த வரியைத் தாண்டிப் போனது. வாய்மொழிக் கேள்விகளில் ஒன்று இது: பார்வையை நம்பிப் பறக்கும் விமானி, போகும் ஊரில் பனி மூடியிருந்தால் என்ன செய்ய வேண்டும்? திரும்ப வேண்டும் என்றேன். நல்ல பதில் என்றார்.

பிறகு வணிக உரிமமும் வாங்கி ஒரு வருடம் அங்கேயே மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். ஒரு பையன் 1.3ஐ 1.4 என்று எழுதியிருந்தான். கூப்பிட்டு வைத்து அரை மணி நேரம் நேர்மையைப் பற்றிப் பேசினேன். அவன் அழுதான். 2010இல் ஊர் திரும்பினேன். விமானக் கம்பெனி எதிலும் வேலை கிடைக்கவில்லை. மனசாட்சி உறுத்திப் பறப்பதை விட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். கிடைத்திருந்தால் இன்றும் ஓட்டிக்கொண்டிருப்பேன். இப்போது ஒரு சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன்.

2011இல் இந்தியாவில் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். பறக்காத மணி நேரங்களை எழுதிக் கொடுத்ததாகவும் வழக்கு வந்தது. பேப்பரைப் படித்துவிட்டு, ‘இவனுகளை நம்பி எப்படி ஏறுறது’ என்று வீட்டில் சத்தம் போட்டேன். உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது. அவர்கள் எழுதியது எத்தனையோ மணி நேரம். என்னுடையது வெறும் 1.9. அதுவும் பறந்த நேரம்தான். இப்படியே பதினைந்து வருடம் எனக்கு நானே வக்கீலாக இருந்தேன்.

போன வருடம் கோவில்பட்டிக்குப் போனேன். அவன் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறான். மேல் அலமாரியிலிருந்து ரசீதுக் கட்டை எடுக்க எழுந்தான். இடது பக்கம்தான் அலமாரி. இடது கை தோளுக்கு மேல் போகவில்லை. திரும்பி நின்று வலது கையால் எடுத்தான். பழகிப்போன அசைவு. அதைப் பார்த்த பிறகு சுற்றி வளைத்துப் பேச முடியவில்லை. சொல்லிவிட்டேன். அந்த மூன்றெழுத்து, பலகை, ஒன்பதரை, போர்வை, காரில் சொன்னது, 300 டாலர் எல்லாவற்றையும்.

அவன் ரசீதுக் கட்டை மேசையில் தட்டி ஒழுங்கு செய்துகொண்டிருந்தான். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டான்.

“ஏரிக்கு மேல எவ்வளவு நேரம் சுத்துனீங்க?”

“நாப்பது நிமிசம்.”

“திரும்பி வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா, நானும் திரும்பியிருப்பேண்ணே.”

கோபமாகச் சொல்லவில்லை. லாரி வாடகை எவ்வளவு என்று சொல்கிற குரல். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தீப்பெட்டி லோடு ஏற்ற ஒரு லாரி வந்தது. எழுந்து போய்விட்டான். பையனை விட்டு எனக்கு டீ வாங்கி வரச் சொல்லியிருந்தான். குடித்தேன். அதை மன்னிப்பு என்று நான் குறித்துக்கொள்ளவில்லை. நடக்காததை ஒருமுறை குறித்துக்கொண்ட கை இது.

அவன் சொன்ன வாக்கியம்தான் என்னை உட்கார வைத்து இதை எழுத வைத்தது. பதினைந்து வருடமும் அவனுக்குப் பொய்த் தகவல் கொடுத்ததுதான் என் குற்றம் என்று நினைத்திருந்தேன். என்னிடம் அவனுக்குக் கொடுக்க உண்மையில் ஒன்று இருந்தது. நான் திரும்பி வந்தேன் என்ற செய்தி. அன்று வானத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம். கர்வத்தால் அதை ஒளித்துவைத்தேன்.

ஊருக்கு வந்ததும் லாக்புக்கைத் தேடி எடுத்தேன். அதில் எழுதியதை அழிக்கக் கூடாது, பூசி மறைக்கக் கூடாது. பழையது படிக்கும்படி ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் திருத்தி, கையெழுத்து வைக்க வேண்டும். மூன்றெழுத்தின் மேல் கோடு போட்டேன். 2ஐ அடித்து 1 என்றேன். கிராஸ் கன்ட்ரி 1.9ஐ அடித்தேன். அடியில் 50.2ஐ அடித்து 48.3 என்று எழுதினேன். அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்து, ஒரு கடிதத்தோடு, உரிமம் கொடுத்த அமெரிக்க அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். அவர்கள் பறிக்க நினைத்தால் பறிக்கட்டும். இனி ஓட்டப் போவதில்லை என்பதால் அதில் தியாகம் எதுவும் இல்லை.

குறிப்பு எழுதும் கட்டத்தில் இவ்வளவுதான் எழுதினேன்: ‘சான் லூயிஸ் ஏரி வரை. பள்ளத்தாக்கில் பனி. நாற்பது நிமிடம் காத்திருந்தேன். விலகவில்லை. திரும்பினேன்.’

எழுதி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றைக்கும் அவ்வளவுதான் ஆகியிருக்கும்.